கடலட்டைக் குஞ்சு பொரிப்பு நிலையத்தில் பயிலுநராக: பூநகரிக் கரைக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியின் மேற்குக் கரையில், பூநகரியிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியின் கடற்பக்கமாக, கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா, இரணைமாதா நகர் என்று வரும் ஊர்களில் கடலட்டை வளர்ப்பு இன்று எல்லோரும் பேசும் தொழிலாகிவிட்டது. மீன்பிடியியலோ விலங்கியலோ கற்கும் மாணவர்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று பயிற்சிக்காக இத்தகைய இடங்களுக்கு வருகிறார்கள். நானும் அவ்வாறு வந்து, ஒரு குஞ்சு பொரிப்பு நிலையத்திலும் அதனோடு சேர்ந்த, கடலில் வலையால் அடைத்த தடுப்புகளிலும் ஆறு மாதம் பணியாற்றினேன். முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் பல்லாயிரம் குடம்பிகள் (முட்டையிலிருந்து வெளிவரும் இளநிலை உயிர்கள்) பிழைத்திருக்கும் என்று இன்றும் நான் நினைக்கும் விடயங்களையே இங்கு எழுதுகிறேன்.

விலங்கைப் பராமரிக்க வந்தோம் என்ற எண்ணத்தோடு வருபவர், இங்கே நாளின் பெரும்பகுதியில் தண்ணீரையே பராமரிக்கிறார். மாடு நோவு வந்தால் கத்தும். மீன்கூட மூச்சு முட்டினால் மேலே வந்து வாயைத் திறக்கும். கடலட்டை எதையும் காட்டாது. அதன் தோலில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்போது கேடு தொடங்கிப் பல மணித்தியாலங்கள், சில வேளை நாள்கள், கழிந்திருக்கும். முதல் நாள் நான் தாங்கிக்குள் குனிந்து அட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, அங்கே நெடுநாளாக வேலை செய்த அண்ணை ஒருவர், “தங்கச்சி, முதல்ல தண்ணியைப் பார். அட்டை எங்கையும் ஓடாது” என்றார். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது.

வருவதற்கு முன்

பரந்தனிலிருந்து பூநகரிக்கும், அங்கிருந்து மன்னார்ப் பக்கமும் பேருந்துகள் ஓடுகின்றன. ஆனால் பிரதான வீதியிலிருந்து கரைக்குச் செல்லும் கிரவல் பாதைகளில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. வேலை அதிகாலையிலும் இரவிலும் இருப்பதால், தங்குமிடம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது நல்லது. என்னைப் போன்ற பெண் பயிலுநர்கள் ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்குவதே வசதி. இரவு வேலை வரும் நாள்களையும், யார் கொண்டுவந்து விடுவார் என்பதையும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர்க் கிணறுகள். குடிநீர் பவுசரில் வருகிறது. உப்பு நீரில் நனைந்த உடலை ஒரு வாளி நன்னீரில் கழுவிக்கொள்ளும் பழக்கத்தை வீட்டிலிருந்தே பழகிக்கொண்டு வாருங்கள்.

முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, குதிக்காலை இறுகப் பிடிக்கும் தடித்த அடியுள்ள சப்பாத்து ஆகிய மூன்றும் கட்டாயம். செருப்போடு கடலில் இறங்கினால் அது சேற்றில் கழன்றுவிடும். பிறகு சிப்பியும் ஊரியும் காலை அறுக்கும்.

கொண்டுவரக் கூடாதவற்றைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தலைக்கு வைத்த எண்ணெய், முகத்துக்குப் பூசிய பசை, நுளம்பு கடிக்காமலிருக்கக் கையில் தடவிய மருந்து, சவர்க்காரத்தின் மிச்சம் ஆகிய எதுவும் தாங்கித் தண்ணீரைத் தொடக் கூடாது. குடம்பி அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்தவே கூடாது. அதில் சேர்க்கப்படும் பைரித்திரொயிட் வகை நஞ்சு நுளம்பைப் போலவே நீர்வாழ் சிற்றுயிர்களையும் கொல்லும், தாங்கிகளுக்குக் காற்றுச் செலுத்தும் காற்றூதி அந்தப் புகையை இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளிவிடும். நுளம்புத் தொல்லை வன்னியில் சிறியதன்று என்பதை அறிவேன். நீளக் காற்சட்டை அணிந்து, சன்னல்களுக்கு வலை அடித்துச் சமாளிக்க வேண்டும்.

நீங்கள் பராமரிக்கப்போகும் உயிர்

இங்கு வளர்க்கப்படுவது பெரும்பாலும் வெள்ளை அட்டை. அறிவியற் பெயர் ஹோலோதூரியா ஸ்கப்ரா. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவுமுறை. நம்மவர் உண்பதில்லை, காய்ந்த அட்டை சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர்ச் சந்தைகளுக்குப் போகிறது. அந்தச் சந்தைக்காக உலகெங்கும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2013இல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. இதன் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிக்க முடியும் என்பது 1988இல், நமக்கு எதிர்க்கரையான தூத்துக்குடியில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் நிறுவப்பட்டது. இன்று நாம் செய்யும் வேலையின் அடிப்படை முறைகளில் பல அங்கே தொடங்கியவை.

உடலமைப்பில் மூன்று விடயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, இது பின்துளை வழியாக நீரை உள்ளிழுத்து, உடலுக்குள் மரக்கிளைபோல் விரிந்திருக்கும் சுவாச உறுப்பால் மூச்சு விடுகிறது. ஆகவே அடித்தளத்தில் நீர் கெட்டால் அட்டைக்குத் தப்பும் வழி இல்லை. இரண்டாவது, மணலையும் சேற்றையும் விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களையும் மக்கிய பொருள்களையும் செரித்து, தூய மணலை வெளியேற்றுகிறது. மூன்றாவது, கடும் அதிர்ச்சிக்கு உள்ளானால் தன் குடலையே வெளியே தள்ளிவிடும். குடல் மீண்டும் வளரும் என்று படித்திருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் அது வளரும் வாரங்களில் அட்டை உண்ணாது, எடை இழக்கும், முட்டையிடும் காலத்தையும் தவறவிடும். எனவே தூக்கும்போது இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள், பிதுக்காதீர்கள், வெயிலில் வைத்துப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

எடை நிறுப்பதில் புதியவர்கள் எல்லோரும் தவறுவார்கள். அட்டை தன் உடலுக்குள் நீரைச் சுமக்கிறது. குடலுக்குள் மணலைச் சுமக்கிறது. ஒரே அட்டையை ஐந்து நிமிட இடைவெளியில் இருமுறை நிறுத்தால் இரு வேறு எண்கள் வரும். எனவே ஒரு முறையை வகுத்துக்கொண்டு மாற்றாமல் பின்பற்றுங்கள்: நீரிலிருந்து எடுத்தபின் ஒரு நிமிடம் சாய்வான தட்டில் வைத்து நீரை வடியவிட்டு, துணியால் ஒற்றி, பின்னர் நிறுக்க வேண்டும். நீங்கள் ஒரு முறையும் உங்கள் நண்பர் வேறு முறையும் பின்பற்றினால், அட்டை வளர்ந்ததா தேய்ந்ததா என்பதை அந்தக் கொப்பியிலிருந்து எவராலும் அறிய முடியாது.

காலைச் சுற்று

விடியற்காலை ஐந்தரை மணிக்கு நிலையத்துக்குள் நுழைந்ததும், எதையும் தொடுவதற்கு முன் ஒரு கணம் நின்று கேளுங்கள். காற்றூதியின் இரைச்சல் வழக்கமான சுருதியில் இருக்கிறதா? தாங்கிகளில் குமிழி வெடிக்கும் சத்தம் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறதா? ஒரு காற்றுக்கல் அடைபட்டால் முதலில் அறிவது காதுதான். அடுத்து மூக்கு. நல்ல கடல்நீருக்குக் கடல் மணம் இருக்கும். அழுகிய முட்டையின் நெடி சிறிதளவு வந்தாலும் அடிமணலில் காற்றில்லாக் கறுப்புப் படை உருவாகியிருக்கிறது என்று பொருள். கண்ணுக்கு வேலை அதன் பின்னரே வருகிறது: மேற்பரப்பில் நுரை தங்கியிருக்கிறதா, நீர் மட்டம் இரவில் இறங்கியிருக்கிறதா, பகலில் மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய தாயட்டைகள் (முட்டையிடுவதற்காக வைத்திருக்கும் பெரிய அட்டைகள்) சுவரில் ஏறி நீர் மட்டத்தில் தொங்குகின்றனவா என்று பாருங்கள்.

அதன்பின் அளவீடுகள். வெப்பநிலை 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை, உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 30 முதல் 35 வரை, கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவை எல்லாப் புத்தகங்களிலும் உள்ளன. புத்தகம் வலியுறுத்தாதது, அதே தாங்கியில், அதே மூலையில், அதே நேரத்தில் அளக்க வேண்டும் என்பதுதான். காலை ஆறு மணிக்கு 27 பாகை காட்டிய திறந்தவெளித் தாங்கி பிற்பகல் இரண்டு மணிக்கு 32 காட்டும். நேரம் மாறி மாறி எழுதினால் அந்த ஏற்ற இறக்கமே கண்ணில் படாது. உவர்மானியை வாரம் ஒருமுறை காய்ச்சி வடித்த நீரால் பூச்சியத்துக்குச் சரிசெய்யுங்கள். கிணற்றுத் தண்ணீரால் சரிபார்க்கும் வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். நம் கரையோரக் கிணற்று நீரில் உப்பு இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சுற்றின் திசையும் முக்கியம். குடம்பிகளுக்கு உணவாகும் நுண்பாசியான அல்காவை வளர்க்கும் அறை முதலில், அடுத்து குடம்பிகள், அடுத்து சிறு குஞ்சுகள், கடைசியாகத் தாயட்டைகள் என்று, மென்மையான உயிரிலிருந்து வலிய உயிரை நோக்கியே நடக்க வேண்டும். திரும்பிப் போக நேர்ந்தால் கை கால்களை நன்னீரில் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். தாயட்டைத் தாங்கியில் நனைந்த கையோடு அல்காக் குடுவையைத் தொட்டால், ஒரே நாளில் பொன்னிறமாக இருந்த வளர்ப்பு கலங்கிப் போய்விடும்.

தாயட்டைகளின் தோலில் வெண்புள்ளியோ வழுவழுப்பான சளியோ தெரிந்தால், அந்த அட்டையை உடனே தனி வாளிக்கு மாற்றிவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தோற்புண் நோய் தொற்றக்கூடியது. சில நாள்களிலேயே கொல்லும். நீங்களாக மருந்து போட முயல வேண்டாம்.

குடம்பி அறை

பயிலுநரின் பெரும்பகுதி நேரம் இங்கேதான் கழியும். முட்டையிலிருந்து இரண்டு நாளில் ஒரிக்குலேரியா என்னும் நீந்தும் குடம்பி உருவாகிறது. கண்ணாடிபோல் ஒளி புகும் உடல், ஓரங்களில் வளைந்து வளைந்து செல்லும் மயிரிழைப் பட்டி, நடுவில் குடல். ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை அது மிதவை அல்காக்களை உண்டு வளர்கிறது. பிறகு சுருங்கி, பீப்பாய் வடிவ டோலியோலேரியாவாக மாறி உண்பதை நிறுத்துகிறது. அடுத்து ஐந்து உணர்கொம்புகளுடன் பென்டக்டுலாவாகி, ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சில வாரங்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். அது இயல்பு, அதற்காக மனம் உடைய வேண்டாம். ஆனால் எந்த நாளில், எந்தக் காரணத்தால் இறந்தன என்று தெரியாமல் விடுவது இயல்பன்று.

உணவாகக் கீட்டோசெரஸ், ஐசோகிரைசிஸ் போன்ற ஒருகல அல்காக்களை மில்லிலீற்றருக்கு 20,000 கலங்களில் தொடங்கி, குடம்பி வளர வளர 40,000 வரை கூட்டிக் கொடுக்கிறோம். எண்ணிக்கைத் தட்டில் கலங்களை எண்ணப் பழகுங்கள். நிறத்தைப் பார்த்து ஊகிப்பது அனுபவசாலிகளுக்குரியது, அவர்களும் எண்ணித்தான் சரிபார்க்கிறார்கள். புதியவர்களுக்கு வரும் பெரிய ஆசை, பட்டினி கிடக்கக் கூடாதே என்று கூடுதலாக ஊற்றுவது. உண்ணப்படாத அல்கா அடியில் படிந்து அழுகும்; அழுகலை நாடி ஒருகல மயிரிழையுயிர்களும் கொப்பிபொட்டுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளும் பெருகும்; அவை குஞ்சுகளோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடும். கொஞ்சம் பசியோடு இருக்கும் குடம்பி பிழைக்கும், அழுகிய நீரில் வயிறு நிறைந்த குடம்பி பிழைக்காது.

நாள்தோறும் சில குடம்பிகளை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். குடல் பொன்பழுப்பாக நிறைந்திருந்தால் உண்கிறது. ஓரங்கள் தெளிவாகவும் உடல் சமச்சீராகவும் இருந்தால் நலம். வளர்ச்சியின் பிற்பகுதியில், உடலின் இருபுறமும் சிறு கண்ணாடி மணிகளைக் கோத்தது போல் ஒளிர்கோளங்கள் தோன்றும். அவை அடுத்த உருமாற்றத்துக்காகச் சேமித்த கொழுப்பு. அந்த மணிகளை முதன்முதலாகக் கண்ட காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காலை உணவை மறந்து ஒன்பது மணி வரை அந்தக் கண்ணாடித் தட்டை விட்டு எழவில்லை. அவை தெரிந்தவுடன், குஞ்சுகள் ஒட்டிக்கொள்வதற்காக அல்காப் படலம் வளர்த்து ஆயத்தமாக வைத்திருக்கும் தகடுகளை இறக்கும் நாளைக் குறிக்கலாம்.

இனி நீர் மாற்றம். இதில் நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். தாங்கியின் பழைய நீரை சைபன் குழாயால் இறக்கும்போது, குடம்பிகள் வெளியேறாமலிருக்க 80 மைக்ரோன் வலையடித்த சல்லடை வழியாக வடிக்கிறோம். அன்று சல்லடையைக் கழுவி வைத்தவளும் நான்தான், மறுநாள் எடுத்தவளும் நான்தான். வலை சட்டத்தோடு ஒட்டிய இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. இருபது நிமிடம் நீர் இறங்கியபின் எண்ணிப் பார்த்தபோது, ஒன்பது நாள் வளர்ந்த குடம்பிகளில் பாதிக்கு மேல் வடிகாலில் போய்விட்டிருந்தன. உடனே சொன்னேன். வடிகால் முடியும் இடத்தில் வாளி வைத்துச் சிலவற்றை மீட்டோம், பெரும்பாலானவை போய்விட்டன. அன்றிலிருந்து நான் கடைப்பிடித்ததை நீங்களும் செய்யுங்கள்: சல்லடையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சல்லடை எப்போதும் நீருக்குள் பாதி அமிழ்ந்திருக்கும்படி ஒரு பெரிய வாளிக்குள் வையுங்கள், வெறும் வலைமீது நீர் விழுந்தால் குடம்பிகள் நசுங்கும், குழாயின் வேகத்தைக் கிள்ளிக் குறையுங்கள், வடியும் நீரிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணாடிக் குவளை எடுத்து, கறுப்புத் துணியின் முன் பிடித்துப் பாருங்கள். துணியின் கருமையில் வெண்துகள் அசைந்தால் நிறுத்துங்கள்.

முட்டையிடும் நாள்

இது பெரும்பாலும் அமாவாசையை அல்லது பூரணையை ஒட்டி வரும். கடலோரத்து ஐயாமார் சந்திரனை வைத்துத் தொழில் பார்ப்பதுபோல நாமும் பார்க்கிறோம். 350 கிராமுக்கு மேற்பட்ட தாயட்டைகளை மணலில்லாத் தாங்கியில் விட்டுக் குடல் வெறுமையாக்கி, தோலில் ஒட்டிய சேற்றை மென்மையாகக் கழுவி, பின்னர் வழக்கமான வெப்பத்தைவிட 3 முதல் 5 பாகை கூடிய நீரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வைக்கிறோம். சில நிலையங்களில் ஸ்பைருலினா என்னும் நுண்பாசித் தூளைக் கலந்த நீரிலும் விடுகிறார்கள். அதற்குப் பிறகு காத்திருப்புத்தான்.

வெளித்தோற்றத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியாது. யார் ஆண் என்பது, அவை எழும்போதே தெரியும். ஓர் அட்டை உடலின் முன்பாதியை நிமிர்த்தி, படமெடுத்த நாகம்போல் மெல்ல ஆடத் தொடங்கும். தலைக்கு அருகிலுள்ள துளையிலிருந்து வெண்ணூல் போல் விந்து புகையும். வழக்கமாக ஆண்களே முந்துகின்றன. விந்து கலந்த நீரை உணர்ந்தபின் பெண் அட்டைகள் எழும். அவற்றின் முன்புறம் சற்று வீங்கி, ஒரே வீச்சில் முட்டைகளைப் பீய்ச்சும். ஒரு பெண் அட்டை பத்து இலட்சமோ அதற்கு மேலோ முட்டைகளை இடக்கூடியது.

அப்போது பயிலுநரின் வேலை வியந்து நிற்பதன்று, நானும் முதல் முறை நின்றுதான் விட்டேன். சில ஆண்கள் விந்து விட்டதும் மற்ற ஆண்களை வேறு தாங்கிக்கு மாற்ற வேண்டும். நீரில் விந்து மிகுந்தால் ஒரே முட்டைக்குள் பல விந்துகள் புகுந்து கரு சிதையும். எந்த அட்டை எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது நிறுத்தியது என்பதை நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். முட்டைகளை மென்சல்லடையில் ஏந்தி, தூய கடல்நீரால் மிகுதி விந்தை அலசி நீக்கி, எண்ணி, குடம்பித் தாங்கிகளில் அடர்த்தி மிகாமல் பிரித்துவிட வேண்டும். இவை முடிய நள்ளிரவாகலாம். அன்று பகலில் கொஞ்சம் உறங்கிவிட்டு வாருங்கள். அரைத்தூக்கத்தில் எண்ணிய எண்ணிக்கை அடுத்த இரண்டு வாரக் கணக்கையும் பிழையாக்கும்.

மின்சாரமும் மழையும்

மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி இயங்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வாரம் ஒருமுறை அதை ஓட்டிப் பாருங்கள், எரிபொருளின் அளவைக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டும் இயங்காத வேளையில், குடம்பித் தாங்கிகளுக்கு மின்கலக் காற்றூதியைப் பொருத்தி, உணவை நிறுத்தி, தாயட்டைத் தாங்கிகளின் நீரைக் கிண்ணத்தால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். கை ஓயும், ஆள் மாற்றி ஊற்றுங்கள்.

மழை இதைவிடக் கடினமான எதிரி. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வாடைக் காலத்து மழையில், பாலியாறு போன்ற ஆறுகளும் குளங்களின் மிகைநீரும் மேற்குக் கடலில் வந்து சேர்கின்றன. நன்னீர் இலேசானது, கடல்நீரின் மேல் தட்டையாகப் பரவி நிற்கும். கரையோரத்தில் நீரை எடுக்கும் குழாய் அந்த மேற்படையை உறிஞ்சினால், உவர்த்தன்மை திடீரென்று வீழ்ந்து, ஓர் இரவில் ஒரு தொகுதிக் குஞ்சுகளை இழக்க நேரிடும். எனவே வானம் கறுக்கும் முன்னரே சேமிப்புத் தாங்கிகளை நிரப்பிவிடுங்கள். மழைக்குப் பின் கடல்நீரின் உவர்த்தன்மையை மேலும் கீழும் தனித்தனியாக அளந்து, அது மீளும்வரை நீர் ஏற்றாதீர்கள். திறந்தவெளித் தாங்கிகளை மூடுங்கள். மூடிய பொலித்தீனில் தேங்கும் மழைநீர் சரிந்து உள்ளே கொட்டாதபடி நடுவை உயர்த்திக் கட்டுங்கள்.

கடலில்

சில மில்லிமீற்றர் வளர்ந்த குஞ்சுகள் நுண்வலைப் பைகளில் கடலுக்குப் போகின்றன. அங்கே சில கிராம் எடை கூடியபின் வலைத் தடுப்புகளுக்கு மாற்றப்படுகின்றன. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் இடுப்பளவு நீரில் செய்யும் வேலைக்கு அந்த வேறுபாடு பெரியது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீர் கலங்கி அடி தெரியாது. அப்போது எண்ணிக்கை வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும். மேலே மிதித்தால் முள்ளால் குத்தும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்தக் காலை வலி தணியும்வரை அமிழ்த்தி வைத்துவிட்டு, மருத்துவமனைக்குப் போங்கள்; முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். இன்னொன்று வன்னிக்கே உரியது. போர் நடந்த மண்ணும் கரையும் இவை. தடி நடும்போதோ சேற்றைக் கிளறும்போதோ அறியாத உலோகப் பொருள் எதுவும் தட்டுப்பட்டால், தொடாமல், எடுத்துப் பார்க்காமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு விலகி, பொறுப்பாளர் வழியாக அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

வலையில் படியும் பாசியையும் சிப்பியையும் தேய்ப்பதே கடல் வேலையில் முக்காற்பங்கு. பாசி அடைத்தால் நீர் ஓடாது. நீர் ஓடாவிட்டால் உணவு வராது. தேய்க்கும்போது கிழிசலைத் தேடுங்கள், குறிப்பாக வலை மணலில் புதையும் அடிக்கோட்டில். நண்டு அவ்வழியே நுழையும். சிறு குஞ்சுகளுக்கு நண்டே பெரும் எதிரி. சாதாழை என்று ஊரில் சொல்லும் கடற்புல்லை, இடம் வேண்டும் என்று பிடுங்காதீர்கள். அது மக்கித்தான் அட்டைக்கு உணவாகிறது. இளம் நண்டும் இறாலும் அதில்தான் ஒளிகின்றன.

அட்டையைப் பகலில் எண்ணிக் குறைவாகக் கண்டு அஞ்சாதீர்கள். பகலில் அது புதைந்திருக்கும், பொழுது சாயும்போதே மேலே வரும். எனவே மாலையிலும் முன்னிரவிலும், எப்போதும் இருவராக, தலைவிளக்கோடு சென்று, கயிறு கட்டிப் பிரித்த சிறு சதுரங்களில் எண்ணுங்கள். சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கிராம் வரைதான் அந்த மணல் தாங்கும். அதற்கு மேல் அடைத்தால் எல்லாமே வளர்ச்சி குன்றி நிற்கும். குஞ்சுகள் எஞ்சியிருக்கின்றன என்பதற்காக ஒரே தடுப்புக்குள் அடைத்துவிடும்படி யாரேனும் சொன்னால், அந்தக் கணக்கை மரியாதையோடு எடுத்துக் காட்டுங்கள்.

வலையில் கடலாமையோ, ஆவுளியா எனப்படும் கடற்பசுவோ சிக்கியிருக்கக் கண்டால் வேறு எந்த வேலையும் அதற்குப் பின்தான். இரண்டும் இலங்கைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இரண்டும் நுரையீரலால் மூச்சு விடுபவை. முதலில் மூக்கு நீருக்கு மேல் வரும்படி தாங்கிப் பிடித்து, பிறகு வலையை வெட்டுங்கள். வலையை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள்.

ஊரோடு

தடுப்புகள் நிற்கும் கடல் வெறுங்கடலன்று. அதில் சிறகுவலை போடுபவர், நண்டு வலை போடுபவர், ஊரி பொறுக்கும் பெண்கள், வள்ளம் ஓடும் பாதைகள் எல்லாம் முன்பே உண்டு. பண்ணைகள் பெருகியதால் தங்கள் தொழிலிடமும் வள்ளப் பாதையும் சுருங்குகின்றன என்று இக்கரையின் மீனவர்கள் போராடியிருக்கிறார்கள். எதிரே தெரியும் இரணைதீவின் மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, 2018 ஏப்பிரலில் தாங்களாகவே வள்ளங்களில் ஏறித் தீவுக்குத் திரும்பியவர்கள். கடலை இழந்து மீட்டவர்களிடம் கடலைப் பற்றிப் பேசும்போது, நாம் அறிவியல் படித்தவர்கள் என்ற தோரணை ஒருபோதும் வரக் கூடாது.

பயிலுநருக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் நடத்தை கையில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே ஒரு ஐயாவிடமோ அக்காவிடமோ எந்த இடத்தில் யாருடைய வலை நிற்கிறது என்று கேட்டு அறியுங்கள். பிறருடைய வலைக்கு மேலால் நடக்காதீர்கள். அறுந்த கயிறு, பொலித்தீன், உடைந்த தடி எதையும் கடலில் விடாதீர்கள். குறை சொல்பவரிடம் வாதாடாமல், அவர் சொல்வதைத் திகதியோடு எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவர்கள் தரும் தகவலும் அரியது. தென்திசையிலிருந்து கலங்கல் நீர் வருகிறது என்று வலை இழுத்துவிட்டு வந்த ஒரு ஐயா சொன்ன நாளில், நாங்கள் நீர் ஏற்றுவதை நிறுத்திவைத்தோம்; மறுநாள் எங்கள் குழாய் வாயிலில் நீர் செந்நிறமாக நின்றது.

குறிப்புக் கொப்பி

கைத்தொலைபேசியில் எழுதினாலும் ஒரு தாள் கொப்பி வேண்டும். ஈரக் கையோடு எழுத பென்சில் வேண்டும், பேனா மை கரைந்துவிடும். ஒவ்வொரு நாளும் திகதி, நேரம், பிறை, காற்றின் திசை, முந்தைய இரவு மழை பெய்ததா என்பது, அளவீடுகள், கொடுத்த உணவு, இறப்பு, நீங்கள் செய்த தவறு ஆகியவற்றை எழுதுங்கள். தவறை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுவிட மனம் வரும். நான் சல்லடை கிழிந்ததை எழுதியிராவிட்டால், அந்தத் தொகுதியின் எண்ணிக்கை ஏன் பாதியானது என்று தெரியாமல், நல்ல அல்காவைக் குறை சொல்லி மாற்றியிருப்பார்கள்.

பயிற்சி முடியும் வாரத்தில் அந்தக் கொப்பியின் படியை நிலையத்தில் வைத்துவிடுங்கள். குழாய்களைத் திறந்து மூடும் ஒவ்வொரு அடைப்பிதழின் கீழும் அது எந்தத் தாங்கிக்குரியது, எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று நீரில் அழியாத மையால் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அடுத்து வரும் தம்பியோ தங்கச்சியோ ஐந்தரை மணிக்கு வரும்போது ஒரு நாள் கூடவே நில்லுங்கள். அவர் அட்டைகளைப் பார்க்கத் தாங்கிக்குள் குனிவார். வெப்பமானியை அவர் கையில் கொடுங்கள்.